வலப்பனையில் பனை இல்லை

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, நோர்வேயின் பேர்கன் நகரிலிருந்து என் தங்கையின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். 14 வயது, அங்கேயே பிறந்து வளர்ந்தவள். தகப்பனார் யாழ்ப்பாணத்தவர் ஆதலால் அவள் பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். நலம் விசாரித்து முடிப்பதற்குள் கேட்டுவிட்டாள்:

"மாமா, வலப்பனை எண்டா என்ன அர்த்தம்?"

பாடசாலையில் ஓர் ஒப்படையாம். மாணவர்கள் தாம் வாழும் நகரின் பெயருக்கும், தாய் தந்தையர் பிறந்த ஊர்களின் பெயர்களுக்கும் பொருள் தேடி எழுத வேண்டும். பேர்கனைப் பற்றி எழுதி முடித்துவிட்டாள். பழைய வடமொழியில், அதாவது நோர்வேக்காரரின் முன்னோர் பேசிய மொழியில், அதற்குப் 'பியோர்க்வின்' என்று பெயர். 'பியோர்க்' என்றால் மலை. 'வின்' என்றால் புல்வெளி. மலைகளுக்கு நடுவே கிடக்கும் புல்வெளி. தகப்பனாரின் ஊருக்கு யாழ்ப்பாடியின் கதையை எழுதிவிட்டாள். தாயின் ஊர்தான் எஞ்சியிருந்தது.

"பனை எண்டு வருது மாமா. அப்ப அங்க பனைமரம் நிறைய நிக்குமோ?"

சிரித்துவிட்டேன். வலப்பனையில் பனை இல்லை. நான் பிறந்து வளர்ந்த காலத்திலும் இல்லை. எங்கள் குளிருக்கும் மேட்டுக்கும் அது வருகிற மரமும் இல்லை. எனக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர் வடக்கிலிருந்து வந்தவர். முதல் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி நாலாபுறமும் பார்த்துவிட்டு, "ஊரின் பெயரில் மட்டும்தானா பனை?" என்று கேட்டதாக அவரே வகுப்பில் சொல்லிச் சிரித்திருக்கிறார். சிங்களத்தில் பனைக்குத் 'தல்' என்று பெயர். சிங்களவர் 'வலப்பனே' என்று சொல்லும்போது அவர்கள் காதில் எந்த மரமும் விழுவதில்லை. அந்த ஒலியைத் தமிழில் எழுதியபோது, நம் காதுக்குப் பழகிய ஒரு சொல் அதன் வாலில் வந்து ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான்.

"எழுதி அனுப்புகிறேன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், ஒரு சிறுமி கேட்ட கேள்விக்குள் எங்கள் குடும்பத்தின் கதையே கிடப்பது தெரிந்தது.

நோர்வே எனக்குச் செய்தி மேசை வழியாகப் பழக்கமான நாடு. 2002 டிசம்பரில் அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்குமிடையிலான மூன்றாம் சுற்றுப் பேச்சு ஒஸ்லோவில் நடந்தபோது நான் இரவுப் பணியில் இருந்தேன். அந்த ஒரு வாரத்தில் மாத்திரம் 'ஒஸ்லோ' என்ற மூன்றெழுத்தை எத்தனை தலைப்புகளில் வைத்திருப்பேன் என்று கணக்கில்லை. தலைப்புக்கு அடக்கமான சொல் என்ற மகிழ்ச்சியைத் தவிர, அதற்கு ஒரு பொருள் இருக்கக்கூடும் என்று ஒரு தடவையும் நினைத்ததில்லை.

இப்போது தேடிப் பார்த்தேன். ஒஸ்லோவின் பின்பாதியான 'லோ' புல்வெளியைக் குறிக்கிறது. முன்பாதி மலைமுகடா, பழைய தெய்வமா என்பதில் அறிஞர்கள் இரு கட்சியாக நிற்கிறார்கள். மலையடிவாரத்துப் புல்வெளி என்பாரும் உண்டு. தெய்வங்களின் புல்வெளி என்பாரும் உண்டு. 1624இல் அந்நகர் தீக்கிரையானபோது, டென்மார்க்கையும் நோர்வேயையும் சேர்த்து ஆண்ட நான்காம் கிறிஸ்டியன் மன்னன், சற்றுத் தள்ளிப் புது நகரைக் கட்டித் தன் பெயரையே சூட்டினான்: கிறிஸ்டியானியா. ஆற்றுக்குக் கிழக்கே எஞ்சிய சிற்றூர் மட்டும் ஒஸ்லோ என்ற பழைய பெயரை வைத்துக்கொண்டிருந்தது. 300 ஆண்டுகள் கழித்து, 1925ஆம் ஆண்டின் முதல் நாளில், முழு நகரமும் அந்தச் சிற்றூரின் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

அதே நாட்டில் இன்னொரு கதையும் உண்டு. 1930இல் திரொன்யெம் நகரத்துக்கு, அதன் பழம்பெருமையை மீட்கிறோம் என்று 'நிடரோஸ்' என்ற இடைக்காலப் பெயரை மேலிடம் சூட்டியது. நகரத்து மக்கள் பெருங்கிளர்ச்சி செய்தார்கள். 1931 மார்ச்சில் திரொன்ஹெய்ம் என்று பெயர் திரும்பியது. பழைய பெயர் என்பதற்காகவே மக்கள் அதை ஏற்றுக்கொண்டுவிடுவதில்லை. தங்கள் வாயில் வாழ்கிற பெயர்தான் அவர்களுக்குப் பெயர்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது என் நினைவு நுவரெலியாவுக்குப் போனது. சிங்களத்தில் 'நுவர' என்றால் நகரம். கண்டியை அவர்கள் 'மகா நுவர', அதாவது பெருநகரம், என்பார்கள். 'எளிய' என்ற சொல்லுக்கு ஒளி என்றும் பொருள், திறந்தவெளி என்றும் பொருள். உல்லாசப் பயணிகளுக்கான கைநூல்களில் நுவரெலியா 'ஒளி நகரம்' என்று மின்னும். ஆனால் ஹோட்டன் சமவெளிக்குச் சிங்களத்தில் 'மகா எளிய' என்று பெயர். அங்கே நகரமும் இல்லை, விளக்கும் இல்லை. காட்டுக்கு நடுவே மரமற்று விரிந்து கிடக்கும் புல்வெளிதான் இருக்கிறது. ஆகவே நுவரெலியாவின் எளியவும் வெளிதான் என்பார் பக்கமே என் மனம் சாய்கிறது. காட்டுக்குள் நாள்கணக்காக நடந்து வந்தவனுக்கு, மரங்கள் விலகி வானம் தெரியும் இடம் வெளியாகவும் ஒளியாகவும் ஒரே சமயத்தில் தோன்றியிருக்கும்.

அந்தக் கண்ணோடு பார்த்தால் மலைநாடு முழுவதும் புல்வெளிகள். 'பத்தன' என்றால் மலைப் புல்வெளி: அக்கரப்பத்தனை. 'தலாவ' என்றாலும் புல்தரை: பொகவந்தலாவை. பேர்கனுக்குப் பெயர் வைத்த கடலோடியும், பொகவந்தலாவைக்குப் பெயர் வைத்த சிங்களக் குடியானவனும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. இருந்தும் மலைக்கு நடுவே மாடு மேயத்தக்க திறந்த நிலத்தைக் கண்டதும் இருவரும் அதையே பெயராக்கினார்கள்.

நம்மவர் அங்கே வந்து சேர்ந்தபோது அந்தப் பெயர்கள் ஏற்கெனவே இருந்தன. நம் நாக்கு அவற்றைத் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டது. தலவாக்கலையின் 'கலை', சிங்களத்தின் 'கெலே', அதாவது காடு. லபுக்கலையும் அப்படியே: 'லபு' சுரைக்காய், சுரைக்காட்டைத்தான் லபுக்கலை என்கிறோம். ஆனால் இராகலையின் 'கலை' வேறு. அது 'கல', அதாவது பாறை. கொட்டகலையும் அந்த வகைதான். காடும் பாறையும் தமிழில் ஒரே கலையாகிவிட்டன. தலவாக்கலையைத் தலவாக்கொல்லை என்று எழுதிய காலமும் உண்டு; புன்செய்க் காட்டைக் கொல்லை என்று அழைத்துப் பழகியவர்களின் காது அது. 'கந்தபொல' கந்தப்பளையானபோது, மலையைக் குறித்த 'கந்த' முருகனின் பெயராகவே எங்களுக்குக் கேட்டது. அங்கே போகும்போதெல்லாம் என் அப்பாயி கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

வலப்பனை இவற்றினும் பழைய அரசியற் பெயர். கண்டி இராச்சியத்தின் திசாவனிகள் என்ற மாகாணப் பிரிவுகளில் வலப்பனையும் ஒன்று. அதற்கென ஒரு திசாவை இருந்தார். பிரித்தானியர் காலத்து ஆவணங்களில் இந்தப் பெயர் துயரத்தோடு வருகிறது. 1880களில் நெல்வரி கட்டத் தவறிய வலப்பனைச் சிங்கள விவசாயிகளின் வயல்கள் அரசினால் விற்கப்பட்டன. நிலமிழந்த குடும்பங்கள் ஊரைவிட்டுச் சிதறின. பசியாலும் நோயாலும் மாண்டவர்கள் பலர். நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் என்பவரே இதை வெளிக்கொணர்ந்தார். 1892இல் அந்த வரி நீக்கப்பட்டது. கீழே வயலிழந்தவர்களும் மேலே தோட்டத்தில் உரிமையற்று உழைத்தவர்களும் அன்று ஒரே பிரதேசத்தில்தான் இருந்தார்கள். ஒருவர் பட்ட பாட்டை மற்றவருக்குச் சொல்ல நடுவில் யாரும் இருக்கவில்லை.

இந்தப் பழைய பெயர்களுக்கு மேலே இரண்டாவது அடுக்காக வந்தவை ஸ்கொட்லாந்துக்காரரின் பெயர்கள். காட்டை வெட்டிக் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்ட துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்தவர். தங்கள் ஊரை நினைத்து ஏங்கிய அவர்கள், தாம் வெட்டித் திறந்த ஒவ்வொரு மலைக்கும் அந்த ஊரையே பெயராக்கினார்கள். அட்டன், அபர்டீன்ஷயரில் உள்ள ஒரு சிற்றூர். நானுஓயாவில் எடின்பரோ, அக்கரப்பத்தனையில் கிளாஸ்கோவும் பெல்மோரலும், தலவாக்கலையில் ஹொலிரூட். பூண்டுலோயாவின் டன்சினன், ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில் வரும் குன்று. அதே டன்சினனில் 2018இல் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வீட்டுத் தொகுதிக்கு மகாத்மா காந்தி புரம் என்று பெயரிட்டார்கள். மெக்பெத் மன்னன் கோட்டை கட்டிய குன்றின் பெயரும் காந்தியின் பெயரும் ஒரே விலாசத்தில் வருவது, உலகில் வேறெங்கும் கிடைக்காது.

என் மருமகளுக்காகத் தேடியபோது இன்னொன்றும் கிடைத்தது. எங்கள் பக்கம் ஹல்கரன் ஓயாவை அடுத்து லிடெஸ்டேல் என்றொரு தோட்டம் உண்டு. ஸ்கொட்லாந்தின் தென்னெல்லையில் உள்ள ஒரு பள்ளத்தாக்கின் பெயர் அது. அதன் வாலிலுள்ள 'டேல்' என்ற சொல்லும், நோர்வேயில் குட்பிரான்ஸ்டால் முதலிய பள்ளத்தாக்குப் பெயர்களில் வரும் 'டால்' என்ற சொல்லும் ஒரே வேரின. இறம்பொடைப் பக்கத்துப் புரட்டொப் தோட்டம் இன்னும் நெருங்கிய உறவு. அதே பெயருடைய ஊர் ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னித் தீவுகளில் இருக்கிறது. அத்தீவுகள் 1468 வரை நோர்வே அரசுக்கு உட்பட்டிருந்தவை. பெயரின் ஈற்றிலுள்ள 'டொஃப்ட்', வீடு நிற்கும் மனையைக் குறிக்கும் பழைய நோர்வேச் சொல். ஆக, அவள் வாழும் நாட்டின் சொல் ஒன்று, அவள் தாய் அங்கே போவதற்கு நூறாண்டுக்கு முன்பே, ஸ்கொட்லாந்து வழியாகச் சுற்றிக்கொண்டு எங்கள் மலைக்கு வந்து குடியேறியிருக்கிறது.

மூன்றாவது அடுக்கு எங்களுடையது. அதை எந்தப் பெயர்ப்பலகையிலும் காண முடியாது.

துரைமார் தங்கள் ஊர்ப் பெயரை மலைக்குச் சூட்டினார்கள். திருச்சிப் பக்கமிருந்தும் சேலத்துப் பக்கமிருந்தும் வந்த நம்மவர் முசிறியையோ துறையூரையோ எந்த எஸ்டேட் வாசலிலும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கும் அதிகாரம் நிலத்துக்கு உறுதி வைத்திருந்தவனிடம் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் கழுத்தில் தகரச் சீட்டைக் கட்டி அனுப்பினார்கள். மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் இலக்கம். போகும் ஊரின் பெயர் தெரியுமுன்பே அதன் இலக்கம் அவர்கள் கழுத்தில் தொங்கியது.

ஆனால் வாழத் தொடங்கிய பிறகு அவர்களும் பெயர் வைத்தார்கள். தோட்டத்தின் மேற்பிரிவு மேக்கணக்கு, கீழ்ப்பிரிவு பணியக்கணக்கு. பணிய என்றால் கீழே. மலைச்சரிவில் வாழ்பவருக்குத் திசை நான்கல்ல, மேலேயும் பணியவும் என்று இரண்டுதான். கோவிலுக்கு அருகிலுள்ள தேயிலை மலை கோவில் மலை. சில தோட்டங்களுக்கு முதற் கங்காணியின் பெயர், சிலவற்றுக்குத் துரையின் நடை உடை கண்டு வைத்த பட்டப்பெயர். இவற்றில் வெளியுலகம் ஏற்றுக்கொண்டவை மிகச் சில. சிவனொளிபாதமலை அடிவாரத்து டல்ஹவுசி, இன்று மூன்று மொழிக்காரருக்கும் நல்லதண்ணிதான். சிங்களத்தில் 'நல்லதன்னிய' என்று எழுதுகிறார்கள். யாத்திரை போகிறவன் குனிந்து குடித்த தண்ணீர் நன்றாயிருந்தது. அந்த ஒரு சொல் ஒரு ஸ்கொட்லாந்துப் பிரபுவின் பெயரை ஓரம் தள்ளிவிட்டது.

'பேர்' என்ற சொல்லுக்கே தோட்டத்தில் வேறு பொருள் உண்டு என்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். குறித்த இறாத்தல் கொழுந்து பறிக்காவிட்டால் அரைப் பேர். மாலையில் மலையிலிருந்து இறங்கி வரும் அப்பாயியிடம் தாத்தா கேட்பது, "இன்னிக்கு பேர் போட்டாங்களா?" என்றுதான். செக்ரோலில் பேர் விழுந்தால் அன்றைய நாள் கணக்கில் உண்டு. விழாவிட்டால் அந்த நாளே இல்லை.

என் தாத்தாவின் வாழ்க்கையில் ஒரு பெயர் விழாமல் போனதைத்தான் சொல்ல வந்தேன்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்தது. மணமானவர்கள் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் இடையறாது 7 ஆண்டுகளும், மணமாகாதவர்கள் 10 ஆண்டுகளும் இந்நாட்டில் வாழ்ந்ததை எண்பித்தால் பிரஜாவுரிமை கோரலாம். 1951 ஆகஸ்ட் வரை தவணை. தாத்தா விண்ணப்பித்தார். அவர் இங்கேயே பிறந்தவர். தோட்டத்தைவிட்டு ஒரு நாளும் போகாதவர்.

கையில் இருந்த கடதாசிகளையெல்லாம் சேர்த்துக் கொடுத்தார். செக்ரோல் நகலில் கம்பனி வைத்த ஆங்கிலப் பெயர். மூத்த பிள்ளையின் பிறப்புப் பதிவில் பிரிவின் பெயர், அதுவும் வேறோர் எழுத்துக்கூட்டில். இந்தியாவிலிருந்து உறவினர் எழுதிய கடித உறைகளிலும் கோவில் திருவிழா வரிப் பற்றுச்சீட்டிலும் எங்கள் ஆட்கள் வழங்கிய தமிழ்ப் பெயர். மூன்றும் ஒரே இடம். விசாரணை செய்த அதிகாரி அவற்றை மூன்று தோட்டங்களாகப் படித்தார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனதற்கு நடுவில் எங்கே இருந்தாய் என்று கேட்டார். எங்கும் போகவில்லை என்றார் தாத்தா. இடையறாத வதிவு எண்பிக்கப்படவில்லை என்று விண்ணப்பம் தள்ளுபடியானது.

அந்தக் கடிதத்தை நான் பார்த்திருக்கிறேன். தகரப் பெட்டியின் அடியில், சாமி படத்துக்குக் கீழே இருந்தது. தாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆயினும் அதில் தட்டச்சாகியிருந்த தோட்டத்தின் பெயரை விரலால் தொட்டுக் காட்டி, "இந்தப் பேரு எனக்கு வாயில வராது தம்பி, அதான் விட்டுட்டாங்க" என்பார். சட்டத்தின் நோக்கமே பெரும்பாலோரைத் தள்ளிவிடுவதுதான் என்று பேராதனையில் படித்தபோது எனக்கு விளங்கிற்று. அதைத் தாத்தாவிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தன் வாய்தான் குற்றவாளி என்ற எண்ணத்தோடேயே இறந்தார்.

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது பெரியப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துக் கோத்தகிரிக்குப் போனார். அப்பா இங்கேயே நின்றார். ஒரு வயிற்றில் பிறந்த இருவரைப் பிரித்த காரணங்களில் ஓர் ஊருக்கு மூன்று பெயர் இருந்ததும் ஒன்று.

தாத்தாவை விசாரித்த அதிகாரியின் மீது நெடுங்காலம் எனக்குக் கோபம் இருந்தது. அதே தவறை நானும் செய்த பிறகு அந்தக் கோபத்தின் கூர் மழுங்கிவிட்டது.

2007 ஜனவரி. வலப்பனை, ஹங்குராங்கெத்தப் பகுதிகளில் அடைமழை; பல இடங்களில் மண்சரிந்து உயிர்கள் போயின. என் ஊர்ப்பக்கம் என்பதால் அந்தச் செய்திகளை நானே கையாண்டேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒருவர் அழைத்தார். தோட்டத்தின் பெயரைச் சொல்லி, "பணியக்கணக்குல லயம் மண்ணுக்குள்ள போயிருச்சுங்க" என்றார். இணைப்பு அறுந்துவிட்டது. பக்கம் முடிக்கும் நேரம். பணியக்கணக்கு என்றால் கீழ்ப்பிரிவுதானே என்று, தோட்டத்துப் பிள்ளையான எனக்கே உரிய நம்பிக்கையோடு, 'கீழ்ப்பிரிவு' என்று எழுதினேன்.

அத்தோட்டத்தின் கடதாசியில் கீழ்ப்பிரிவு என்பது ஆற்றுக்கு அப்பாலுள்ள வேறொரு பிரிவு. மக்கள் பணியக்கணக்கு என்றழைத்த இடத்துக்குக் கம்பனி வைத்த பெயர் வேறு.

மறுநாள் பிற்பகல் ஒரு பையன் அலுவலகத்துக்கு வந்தான். புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் வேலை. கையில் எங்கள் பத்திரிகை. காலையில் செய்தியைப் படித்துவிட்டு, 'நம்ம பக்கம் இல்லை' என்று ஆறுதலடைந்து வேலைக்குப் போயிருக்கிறான். மதியத்துக்குப் பின்தான் யாரோ அழைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அவன் என்னைத் திட்ட வரவில்லை. "எந்தப் பக்கம்னு சரியா சொல்லுங்க சார், பஸ்ஸு ஏறணும்" என்று கேட்கத்தான் வந்தான். அவன் ஊர் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது என்று பின்னர் அறிந்தேன்.

திருத்தம் வெளியிட்டோம். இரண்டு வரி, உள்பக்கத்தில்.

அன்றுதான் ஒரு குறிப்புப் புத்தகத்தைத் தொடங்கினேன். இடப்பக்கத்தில் தோட்டத்தின் பதிவுப் பெயர். வலப்பக்கத்தில் அங்குள்ளவர்கள் வழங்கும் பெயர். கணக்குகளின் பெயர், லயங்களின் பெயர், மலைகளின் பெயர். திருமண வீட்டில், மரண வீட்டில், ரயிலில், தேர்தல் கூட்டத்தில் யாரைக் கண்டாலும் கேட்பேன். "உங்க எடத்துக்கு என்ன பேருங்க?" என்று கேட்டால் முதலில் ஆங்கிலப் பெயரைத்தான் சொல்வார்கள். "அது இல்லைங்க, நீங்க என்ன சொல்லுவீங்க?" என்று இரண்டாந் தடவை கேட்க வேண்டும். ஒரு கணம் தயங்கி, கொஞ்சம் வெட்கத்தோடு, மற்றதைச் சொல்வார்கள். ஏதோ வீட்டுக்குள் கூப்பிடும் செல்லப் பெயரை அந்நியனிடம் சொல்வது போல.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டபோது அந்தப் புத்தகம் என் மேசையில் திறந்திருந்தது. அழைத்த ஒவ்வொருவரிடமும் இரண்டு பெயரையும் கேட்டுச் செய்தியில் இரண்டையும் போடச் செய்தேன். இடம் வீணாகிறது என்று ஓர் இளம் உதவி ஆசிரியர் முணுமுணுத்தார். புறக்கோட்டைப் பையனின் கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவரே கேட்டுப் போடத் தொடங்கினார்.

எங்கள் சொந்தத் தோட்டத்தின் பெயரை நான் இதுவரை எழுதவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். அந்தப் பையனின் உறவினர்களும், தாத்தாவோடு விண்ணப்பித்துத் தள்ளப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்தப் பகுதியில் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் எழுதுவதற்கில்லை.

மருமகளுக்கு மட்டும் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். வலப்பனை கண்டி மன்னர் காலத்துத் திசாவனி என்றும், அதில் பனை இல்லை என்றும் எழுதினேன். அவள் தாய் பிறந்த வீட்டுக்குக் கடிதங்கள் இராகலை வழியாகத்தான் வரும். இராகலையின் 'கல' பாறை, நம் 'கல்' போன்றே ஒலிக்கும் சொல் என்றும் எழுதினேன். தோட்டத்தின் ஆங்கிலப் பெயர், தமிழ்ப் பெயர், இரண்டின் பொருளும் எழுதினேன்.

இரவு அவள் மீண்டும் அழைத்தாள்.

"மாமா, இவ்வளவும் எழுத இடமில்லை. அம்மா பிறந்த அந்த வீடு நிண்ட இடத்துக்கு மட்டும் என்ன பேர்?"

"பணியக்கணக்கு."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"கீழே இருக்கிற இடம்."

"அது காணும் மாமா" என்றாள்.

இரண்டு நாள் கழித்துத் தங்கை ஒரு படம் அனுப்பியிருந்தாள். வகுப்பறைச் சுவரில் உலக வரைபடம். பிள்ளைகள் ஒட்டிய சிறு சீட்டுகள். இலங்கையில் இரண்டு சீட்டுகள். வடக்கே யாழ்ப்பாணம். நடுவில், மலைநாட்டின் மேல், கோணல்மாணலான தமிழ் எழுத்தில் 'பணியக்கணக்கு', அதன் கீழே நோர்வே மொழியில் பொருள். எழுத்துப் பிழை இல்லை. தாத்தாவின் வாயில் வந்த பெயர் அதுதான்.